ஆடு வகையில் ரூ. 506

எங்கள் நகர் நலச் சங்கத்தின் போன ஆண்டு வரவு செலவுக் கணக்கில், 'பூங்கா பராமரிப்பு' என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி இருக்கிறது: 'ஆடு வகையில் ரூ. 506'. தணிக்கை பார்க்க வந்த தம்பி அந்த வரியில் பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பொதுக்குழு அன்று பிரியாணி போட்டிருப்போம் என்று முதலில் நினைத்தாராம். ஐந்நூறு ரூபாய்க்கு அரைக் கிலோ கறி வரும், இத்தனை வீட்டுக்காரர்களுக்கு அது எப்படிக் காணும் என்பது அவருடைய முதல் சந்தேகம். அந்த ஆறு ரூபாய் எதற்கு என்பது இரண்டாவது.

ஆட்டை நாங்கள் தின்னவில்லை தம்பி, ஆடுதான் தின்றது என்றேன். அதற்கு மேல் சொல்வதென்றால் 1974-லிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவருக்கோ மதியத்துக்குள் இன்னும் இரண்டு சங்கங்களின் கணக்கு பாக்கி. சங்கத்தின் பொருளாளர் என்ற முறையில் மீதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

1974 ஜூலை 11-ஆம் தேதி தூத்துக்குடி நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகம் ஆனது. துறைமுகத்தை நம்பி ஊரே மனை வாங்கியது. கப்பல் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பாவும் வாங்கினார். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் பனை, நடுவில் சுண்ணாம்பு காயாத நாலைந்து வீடுகள். மனை வரைபடத்தின் மத்தியில் நாற்பது சென்ட் இடத்துக்குப் பச்சைப் பென்சில் தீட்டி 'பூங்கா' என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்த வரைபடத்தை விரித்துக் காட்டுவார். ஜன்னல் கதவை மட்டும் திறக்க மாட்டார்.

ஏனென்றால் ஜன்னலுக்கு வெளியே இருந்தது பொட்டல். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது பூங்கா எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அம்மா சோற்றுப் பானையை ஈரத்துணியால் மூடி வைப்பாள். ஆண்டுக்கு 650 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிற ஊர் எங்களுடையது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கடன் தீர்ப்பதுபோல மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகும். அதற்குப் பிறகு அடுத்த ஐப்பசி வரை வானத்தோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

அந்த மழை விழுந்த பத்தாம் நாள் அப்பாவும் ஜன்னலைத் திறந்துவிடுவார். முதலில் நெருஞ்சி. தரையோடு தரையாகப் படர்ந்து, மஞ்சள் பூவை வெயில் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்ளும். அடுத்து நாய்க்கடுகும் துத்தியும், அவையும் மஞ்சள்தான். கொழுஞ்சியில் ஊதா. விஷ்ணுகிராந்தியின் நீலத்தைப் பார்க்க முட்டி போட வேண்டும், அத்தனை சிறிசு. மார்கழி பிறந்தால் தும்பை. உப்பு வாரி அம்பாரம் போட்ட மாதிரி ஒரு மூலை முழுக்க வெள்ளையாகிவிடும். தை மாதத்துக்கு ஆவாரை. எருக்குக்கு மாதக் கணக்கெல்லாம் இல்லை, அது வருஷம் பூராவும் பூக்கும்.

தும்பைப் பூவைக் கிள்ளி அடிக்காம்பை உறிஞ்சினால் ஊசிமுனை அளவு தேன் வரும். பள்ளிக்கூடம் போகிற வழியில் ஆளுக்கு நூறு பூ உறிஞ்சியிருப்போம். தேனீக்களுக்கு நாங்கள்தான் போட்டிக் கம்பெனி. அதே தும்பைச் செடியைப் பிடுங்கிக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு தட்டான் பிடிப்போம். பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் வைத்து, கருவேல இலையைத் திணித்து, முட்டை போட்டுவிட்டதா என்று கணக்கு வகுப்பில் மேசைக்கு அடியில் திறந்து பார்ப்போம். பூச்சிகளை நேசிக்க வேண்டும் என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. நாங்கள் செய்த அட்டூழியத்துக்கு அந்தச் சொல் பொருந்தவும் பொருந்தாது. ஆனால் எந்தப் பூவில் எந்தப் பூச்சி எத்தனை மணிக்கு வரும் என்று எங்களில் எவனைக் கேட்டாலும் சொல்வான். எருக்கம் பூவுக்குள் தலையை விட்டு உறுமுகிற கருவண்டு வண்டே அல்ல, அதுவும் தேனீதான், தச்சத் தேனீ என்பது மட்டும் எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. முருங்கைப் பூ காயாவதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டாம். எங்கள் வீட்டுப் பனங்கைகளில் அது வட்டமாகத் துளை போட்டுக் குடியிருந்தது. அப்பா ஒவ்வொரு துளையிலும் மண்ணெண்ணெய் ஊற்றி, மெழுகுவத்தியை உருக்கி அடைத்தார். மறுவாரம் அது பக்கத்திலேயே புதுத் துளை போட்டது. அப்பா இருந்தவரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தப் பொட்டலில் நாங்கள் மட்டும் புழங்கவில்லை. விடியும் முன்னே ஒரு பாட்டி ஓலைக்கொட்டானோடு வந்து தும்பைப் பூ எடுப்பாள், சிவன் கோயில் வாசலில் விற்க. வெயில் ஏறியதும் சலவைக்காரர் வேட்டிகளைக் கொழுஞ்சிப் புதர்மேல் விரிப்பார். நாட்டு மருந்துக்கடை ஆள் சாக்கோடு வந்து நெருஞ்சி முள்ளையும் குப்பைமேனியையும் அள்ளிப் போவார். பொங்கலுக்கு முதல்நாள் சிறுபீளையும் ஆவாரையும் கட்டுக் கட்டாக அறுபடும். விதை உதிர்ந்து எல்லாம் சருகான பிறகு, தை கடைசியில் ஆட்டுக்காரி வருவாள். பன்னிரண்டு கொடியாடுகள். அவளோடு என் வயசில் ஒரு பெண். தைக்கு முன்னால் ஆட்டை விட்டால் பூக்காரப் பாட்டி மண்ணை வாரித் தூற்றுவாள் என்பது எழுதப்படாத சட்டம். ஆடுகள் சருகைத் தின்று, முள்ளைக் கடித்து, தரையைக் குளம்பால் கொத்திவிட்டுப் போகும். அந்தக் குளம்புக் குழியில் விதை விழுந்து அடுத்த ஐப்பசிக்குக் காத்திருக்கும்.

இதை நாங்கள் எல்லாரும் 'சும்மா கிடக்கிற இடம்' என்றுதான் சொன்னோம்.

சர்க்காரின் கணக்கும் அப்படித்தான். தரிசு என்று எழுதுவார்கள். அதிலும் தீர்வை விதித்த தரிசு, விதிக்காத தரிசு என்று இரண்டு ஜாதி. புறம்போக்கு என்று எழுதுவார்கள். அது போகப்போக வசைச்சொல் ஆகிவிட்டது. அதற்குள்ளேயே 'மேய்க்கால் புறம்போக்கு' என்று ஒரு வகை, ஊர் மாடு ஆடு மேய்வதற்கென்றே விட்ட நிலம். பிற்பாடு 'மெடோ' என்ற இங்கிலீஷ் சொல்லுக்குத் தமிழ் தேடி எங்கள் செயற்குழு ஒன்றரை மணி நேரம் அடித்துக்கொண்டபோது, ரெவின்யூ இன்ஸ்பெக்டரைக் கேட்டிருந்தால் ஒரே நிமிஷத்தில் சொல்லியிருப்பார்.

பொட்டலின் ஓரத்தில் ஒரு தாத்தா குடிசை போட்டிருந்தார். பழைய முத்துக் குளியாள். 1955-லிருந்து ஆண்டுக்கு ஆண்டு நடந்து 1961-ல் நின்றுபோன முத்துச் சலாபத்தில் முங்கியவர். அதற்குப் பிறகு இந்தக் கரையில் முத்துச் சலாபம் நடக்கவே இல்லை. அவரும் சங்கு குளிக்கப் போய், காது கெட்டு, கரையேறிவிட்டார். சலாபத்துக்கு முன்னால் மீன்துறை ஆட்கள் முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாருக்குப் போய்ச் சிப்பியை அள்ளி எண்ணிப் பார்ப்பார்களாம். முற்றவில்லை என்றால் அந்த வருஷம் யாரும் முங்கக் கூடாது. முற்றியிருந்தால் ஊரெல்லாம் விளம்பரம். "பாரும் இதும் ஒண்ணுதாம்லே," என்பார் பொட்டலைக் காட்டி. "எப்ப தொடணும், எப்ப தொடக் கூடாதுன்னு தெரிஞ்சவன் நாலு பேரு இருந்தா அதுபாட்டுக்குக் கெடக்கும்." காது கேட்காதவர் என்பதால் சத்தமாகத்தான் சொல்வார். அப்பா காதில் விழவில்லை.

1976 தையில் ஒருநாள் கொடியாடு ஒன்று எங்கள் கம்பிவேலிக்குள் தலையை நுழைத்து, அப்பா ஆசையாக வைத்த அடுக்குச் செம்பருத்தியை மொட்டு மிச்சமில்லாமல் தின்றுவிட்டது. அப்பா கையெழுத்து அழகான மனிதர். அன்று ராத்திரியே 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தை மேற்கோள் காட்டி, இங்கிலீஷில் மூன்று பக்க மனு எழுதினார். தெருக்காரர்கள் அத்தனை பேரிடமும் நான்தான் கையெழுத்து வாங்கி வந்தேன். எனக்கு ஒரு மிட்டாய் கிடைத்தது. நாலாம் நாள் பன்னிரண்டு ஆடுகளும் கால்நடைப் பவுண்டுக்குப் போயின. தலைக்கு 50 பைசா, ஆக ஆறு ரூபாய் அபராதம். பணத்தைக் கட்டி ஆட்டை ஓட்டி வரும்போது ஆட்டுக்காரி எங்கள் வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் அந்தப் பெண் ரசீதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது. அவர்கள் மறுபடி வரவில்லை.

ஆடு போனதும் பூங்கா செழித்திருக்க வேண்டும் இல்லையா? ஐந்தே வருஷத்தில் அங்கே சீமைக் கருவேலம் ஏறிவிட்டது. 1870-களில் விறகுப் பஞ்சத்துக்காக வெள்ளைக்காரர்கள் வரவழைத்த மரம். அதன் நெத்தை ஆடு மாடு தின்று, சாணத்தோடு விதையைப் போட்டுக்கொண்டே போகும். ஆகவே முதல் விதை அந்தக் கொடியாடுகள் போட்டதாகவே இருக்கலாம். ஆனால் கன்றாக இருக்கும்போதே கடித்துக் குட்டையாக வைத்திருந்ததும், விறகுக்கு வெட்ட வந்ததும் அதே கூட்டம்தான். கருவேலம் பூத்தால் தேனீ மொய்க்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இதற்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லத்தக்க வன்னி, கொற்கையில் ஒன்று நிற்கிறது, இரண்டாயிரம் வருஷத்து மரம் என்கிறார்கள். அதை ஊர் கும்பிடுகிறது. சொந்தக்காரர்களிலும் அதிர்ஷ்டம் வேறுபடத்தானே செய்கிறது. எங்கள் முள்காட்டில் பாம்பு இருப்பதாகப் பேச்சு வந்தது, அப்புறம் பாம்பும் வந்தது. தாத்தா போனார். பூக்காரப் பாட்டி போனாள். ஜன்னல் பழையபடி சாத்தப்பட்டது.

இனி இன்று.

2008 ஆகஸ்ட் 5, மாதா கோயில் திருவிழா நிறைவு நாளன்று தூத்துக்குடி மாநகராட்சி ஆயிற்று. 2017-ல் பொலிவுறு நகரப் பட்டியலிலும் ஊர்ப் பெயர் வந்தது. ஊர் இத்தனை ஏறும்போது எங்கள் நாற்பது சென்ட் மட்டும் முள்ளாகக் கிடக்கலாமா? சங்கம் வீட்டுக்கு ஐயாயிரம் வசூலித்தது. பொக்லைன் வந்து முள்ளை வாரியது. ஒப்பந்தக்காரர் ஒருவர் லாரியில் கொரியன் புல்லைப் பாய் பாயாகச் சுருட்டிக்கொண்டு வந்து விரித்தார். கல்யாண மண்டபத்துச் சமுக்காளம் மாதிரி. சுற்றிலும் சிமென்ட் கல் நடைபாதை, நாலு இரும்பு உடற்பயிற்சிக் கருவி, 'புல்லின் மேல் நடக்காதீர்' என்று ஒரு பலகை. அந்தப் பலகையின் வாசகத்தை எழுதித் தந்தவன் நான்தான். கையெழுத்து வாரிசுச் சொத்து.

கடற்கரை ஊரில் ஆழ்துளைக் கிணறு போட்டால் என்ன வரும்? உப்புத் தண்ணீர் வந்தது. புல் மஞ்சளானது. லாரித் தண்ணீர் வாங்கினோம். வாரம் ஒருமுறை மிஷின் வைத்து வெட்டினோம். வெட்டிய புல்லைக் கொட்ட இடமில்லை. அத்தனை வருஷத்தில் அந்தப் புல்லின்மேல் ஒரு வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதற்கும் பலகை படிக்கத் தெரியும் போலிருக்கிறது. ஒருமுறை தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீ வந்து அடை வைத்தது. அந்தக் காலத்தில் என்றால் யாராவது ஒரு பனையேறி மாமா ராத்திரி வந்து புகை போட்டு, ஆளுக்கு ஒரு கரண்டி தேன் வரும். இந்தக் காலத்தில் சங்கத்தின் செல்போன் குழுவில் நாற்பது செய்தி வந்தது. முப்பத்தெட்டு 'ஆபத்து', ஒன்று 'தீயணைப்பு நிலையம் நம்பர் யாரிடம் உள்ளது?', ஒன்று யாரோ தவறுதலாகப் போட்ட காலை வணக்கம்.

அப்புறம் 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாட்கள். கோரம்பள்ளம் குளம் உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. எங்கள் நகரில் இடுப்புத் தண்ணீர். பூங்காவில் பத்து நாள் நின்றது. வடிந்தபோது கொரியன் புல் அழுகிய சாக்காகக் கிடந்தது. அவரவர் வீட்டுக் கட்டிலையும் பிரிட்ஜையும் கழுவிக் காயவைக்கிற நேரத்தில் பூங்காவை யார் நினைப்பார்கள்? தை பிறந்து ஒருநாள் நான் எதேச்சையாக எட்டிப் பார்த்தேன்.

தும்பை. உப்பு அம்பாரம்.

முள்காட்டுக்கும் பொக்லைனுக்கும் கொரியன் புல்லுக்கும் அடியில் அத்தனை வருஷம் விதை கிடந்ததோ, குளத்துத் தண்ணீரோடு எங்கிருந்தோ வந்ததோ, தெரியாது. நெருஞ்சி இருந்தது. நாய்க்கடுகு இருந்தது. ஓரத்தில் எருக்கு, அதில் வெந்தய வரியனின் வரிப்புழு. செயலாளர் வீட்டுப் பெண், கல்லூரியில் விலங்கியல் படிக்கிறது, ஒரு காலையில் நோட்டோடு உட்கார்ந்து வண்ணத்துப்பூச்சிகளை எழுதியது. இரண்டு கை விரல் போதவில்லை. "அங்கிள், இத அப்படியே விட்ருங்க. வெளிநாட்டுல இதுக்குக் காசு குடுத்துச் செய்றாங்க," என்றது. வெளிநாடு என்ற சொல் வந்ததும் சங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

பிரிட்டனில் 1930-களுக்குப் பிறகு பூ நிறைந்த புல்வெளிகளில் 97 விழுக்காடு அழிந்துவிட்டதாம். மிச்சத்தைக் காப்பாற்றவும் புதிதாக உண்டாக்கவும் ஊருக்கு ஊர் குழு. மே மாதம் முழுக்கப் புல் வெட்ட மாட்டோம் என்று சபதம் வேறு. இதைக் கேட்டதும் எங்கள் துணைத் தலைவர், நாமும் மே மாதம் வெட்ட வேண்டாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அக்கினி நட்சத்திரத்தில் எங்கள் ஊரில் வெட்ட என்ன இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான். முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் அதுதான்.

மற்றதெல்லாம் சண்டை. முதலில் பெயர். மலர்வனம், பூவெளி, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று இழுத்து, கடைசியில் 'சமூக மலர்ப் புல்வெளி' என்று பலகை எழுதினோம். அடுத்து விதை. கண்முன்னே தும்பை பூத்திருக்க, 'காட்டுப்பூ விதைக் கலவை' என்று ஆன்லைனில் ஆறு பாக்கெட் வாங்கினோம். பிரித்துப் பார்த்தால் காஸ்மாஸும் ஜினியாவும், இரண்டும் மெக்சிகோ. அதை விதைக்க இடம் வேண்டும் என்று ஒரு மூலையில் தும்பையைக் கொத்திப் போட்டோம். பங்குனி வெயிலில் மெக்சிகோக்காரர்கள் முளைத்த சுவடே தெரியாமல் போனார்கள்.

இதற்கு எதிர்வினையாக ஒரு சுத்தவாத கோஷ்டி கிளம்பியது. நாட்டுச் செடி தவிர வேறெதுவும் கூடாது. நல்லது. அவர்கள் முதலில் பிடுங்க வேண்டியது வெட்டுக்காயப் பூண்டு, அதுவும் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். எங்கள் பாட்டி காலத்திலேயே காயத்துக்குக் கசக்கிப் பிழிந்த செடி; வெயில் காலத்திலும் பூத்து, சின்னச் சின்ன வண்ணத்துப்பூச்சிகளுக்குச் சோறு போடுகிற செடி. அதைப் பிடுங்குவதா என்று இரண்டு கூட்டம் நடந்தது. வண்ணத்துப்பூச்சி பாஸ்போர்ட் கேட்பதில்லை என்று அந்தப் பெண் சொன்ன பிறகு விட்டார்கள். பார்த்தீனியத்துக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. அதைப் பூக்கும் முன்னே கையுறை போட்டுப் பிடுங்க வேண்டும், கருவேலங்கன்றையும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் குனிந்து பிடுங்குவோம் என்று அட்டவணை போட்டோம். மூன்று பேர் பிடுங்குவோம், ஏழு பேர் படம் எடுப்பார்கள்.

உலகத் தேனீ நாள் மே 20. ஐ.நா. சபை 2017-ல் குறித்த தேதி. கத்திரி வெயிலில், பூ என்று சொல்ல எருக்கைத் தவிர ஒன்றும் இல்லாத பொட்டலில், பிளாஸ்டிக் பூத்தோரணம் கட்டிக் கொண்டாடினோம். அன்று ஒரு 'தேனீ ஹோட்டல்' திறப்பு விழா. மரப்பெட்டிக்குள் துளை போட்ட கட்டைகளை அடுக்கியிருக்கும். தனித்து வாழும் தேனீக்கள் தங்குமாம். விலை 1,800 ரூபாய். நான் அந்தத் துளைகளை உற்றுப் பார்த்தேன். அப்பா மெழுகு உருக்கி அடைத்த அதே அளவு. இதுவரை தங்கிய விருந்தாளி ஒரு பல்லி.

ஆனால் உண்மையான சிக்கல் அடுத்த ஆண்டு தையில்தான் வந்தது. பூவெல்லாம் முடிந்து இடுப்பளவு சருகு. பீடித் துண்டு ஒன்று போதும் கொளுத்த. நடக்க வருகிறவர்கள் பாம்புக்குப் பயந்தார்கள். நியாயம்தான், இந்த ஊரில் சுருட்டை விரியன் கதை இல்லை. பாதையோரம் இரண்டடி அகலத்துக்கு ஒட்ட வெட்டிவிட்டால் பயம் பாதி குறையும், இது கவனிப்பார் இல்லாத இடமல்ல என்றும் தெரியும் என்றது அந்தப் பெண். செய்தோம், குறைந்தது. மீதியை? விதை உதிர்ந்த பின் ஒரே ஒரு தடவை அறுக்க வேண்டும். அறுத்ததை அங்கேயே போடக் கூடாது, வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் மக்கி, மண் கொழுத்து, முரட்டுக் களை மட்டும் நிற்கும். உரம் போடவே கூடாது. பூச்செடிக்கு ஏழை மண்தான் ராசி. மண்ணுக்குள் வளை போடும் தேனீக்களுக்காக அங்கங்கே வெறுந்தரை வேண்டும். மேல்மண்ணை லேசாகக் கிளறிவிட்டால் இன்னும் நல்லது. கொங்குப் பக்கம் கொறங்காட்டில், கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லை விட்டு, முறை வைத்துக் காங்கேயம் மாடு மேய்த்துப் பண்ணுவதும் ஏறத்தாழ இதே வேலை.

அந்தப் பெண் இதையெல்லாம் திரையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு நாக்கு வறண்டது. ஒரு தடவை, விதை உதிர்ந்த பின், தின்று வெளியேற்றி, குளம்பால் கிளறி. பன்னிரண்டு கொடியாடு.

ஆட்டைத் தேடினோம். குழுவில் கேட்டதற்கு ஒருவர் பக்ரீத் ஆடு விற்பனை விளம்பரத்தை அனுப்பினார். கடைசியில் புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டி இருப்பதாகப் பால்காரர் சொன்னார். நானும் செயலாளரும் போனோம். என் வயதுக்காரி, வெற்றிலை வாய், செல்போனை இடுப்பில் செருகியிருந்தாள். விஷயத்தைச் சொன்னோம்.

"மேய்க்கக் கூப்பிடுதியளா, இல்ல பிடிச்சுக் கட்டவா?" என்றாள். செயலாளர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எந்த ஆடு வேணும் அண்ணாச்சி? வெள்ளாடுன்னா நுனிய நுனியக் கடிச்சிட்டுப் போயிரும். முள்ளு மொளச்சிருந்தா அதுதான் லாயக்கு. செம்மறின்னா தரையோட ஒட்டக் கடிக்கும்." செயலாளர் இதைச் செயற்குழுவில் வைத்துத்தான் சொல்ல முடியும் என்றார். அவள் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, கொடியாடு ஐந்து, வேம்பூர்ச் செம்மறி ஆறு என்று தானே முடிவு பண்ணினாள். "ரெண்டு நாளு பட்டியில கட்டிப் போட்டுத்தான் ஓட்டியாருவேன். நெத்து தின்ன வயித்தோட வந்தா ஒங்க எடம்பூரா கருவைதான்."

மூன்று நாள் மேய்த்தாள். மூன்றாம் நாள் மாலை பார்த்தபோது, ஜன்னல் வழியாக நான் பார்த்து வளர்ந்த தரை அங்கே இருந்தது. குழந்தைகள் ஆட்டோடு படம் எடுத்துக்கொண்டார்கள். சங்கம் ஐந்நூறு ரூபாய்க்கு முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தது, 'போக்குவரத்து' என்ற பெயரில். வவுச்சரோடு அவளிடம் போனேன்.

"ஆறு ரூவா சேத்துப் போடுங்க," என்றாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. சட்டைப் பையில் சில்லறை இருந்தது, எடுத்து நீட்டினேன்.

"ஒங்க காசு வேண்டாம் அண்ணாச்சி. தெருவே கையெழுத்துப் போட்டுத்தான் புடிச்சுக் குடுத்தாவ. எங்கம்மா கட்டுன ரசீது பெட்டியில கெடக்கு. சங்கத்துக் காசாக் குடுங்க. சீட்டுல எழுதுங்க."

ஐந்நூறை அடித்துவிட்டு ஐந்நூற்று ஆறு என்று எழுதினேன். விவரம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. பிறகு 'ஆடு வகையில்' என்று எழுதினேன். அவள் எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் கேட்டாள். நகலை மடித்து வெற்றிலைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆடுகள் எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் திரும்பின. செம்பருத்தி ஒரு கிளை வேலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு கொடியாடு நின்று, முன்னங்கால்களை வேலியில் தூக்கி வைத்தது. அவள் அதட்டவில்லை. வாசலில் நின்ற நானும் அதட்டவில்லை.